நடுப்பலகையில் நீங்கள்

அம்மா,

இன்று காலை கடலில் நிற்கும்போது, வள்ளத்துக்குள் ஒரு பிள்ளை தேசிக்காயை நகத்தால் கீறினாள். அந்த எலுமிச்சை மணம் வந்ததும் என் கை போத்தல் கயிற்றை இறக்காமல் நின்றுவிட்டது. நடுப்பலகையில் நீங்கள் இருந்து, ஒரு கையில் சேலைத் தலைப்பையும் மறு கையில் தேசிக்காயையும் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் எத்தினை போத்தல் கிடக்கு?" என்று கேட்பதுபோல இருந்தது. நீங்கள் மண்ணுக்குள் போய் ஒரு மாரிக்காலம் கழிந்துவிட்டது. போத்தல்கள்தான் இன்னும் முடிந்தபாடில்லை.

கயிறு அதே கயிறுதான். ஆழம் தெரிவதற்காக ஆறடிக்கு ஒரு பாகம் என்று அளந்து, பாகத்துக்குப் பாகம் உங்கள் பழைய சேலைகளைக் கிழித்துக் கட்டித் தந்தீர்களே, அந்தத் துணிகளெல்லாம் வெளிறிவிட்டன. ஈயக்குண்டு கட்டிய போத்தலை இறக்கி, வேண்டிய ஆழத்தில் நூலைச் சுண்டி மூடியைத் திறந்து, அந்த ஆழத்துத் தண்ணீரை எடுக்கிறேன். நான் வேலை செய்யும் கந்தோரில் இதற்கென்று பித்தளைக் கருவி ஒன்று தந்திருக்கிறார்கள். அது பத்துத் தரம் இறக்கினால் இரண்டு தரம் சிக்கும்.

கடலியல் என்ற பெயரில் பட்டம் அந்த நாளில் நம் நாட்டில் இல்லை. கொழும்பில் விலங்கியல் படித்து, கடைசி வருடம் கடலையே பாடமாக எடுத்துக்கொண்டு நான் முல்லைத்தீவுக்குத் திரும்பியபோது, 'கடல் படிச்ச பிள்ளை' என்று ஊரெல்லாம் ஒரே கதை. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வீட்டுக்கே வந்து கதிரையில் இருந்துகொண்டு, "பிள்ளை, நாளைக்கு எந்தப் பக்கம் வலை வளைச்சால் நல்லது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப அங்கை போய் என்னத்தைத்தான் படிச்சனீ?" என்றுவிட்டு எழும்பிப் போனார். நீங்கள் குசினிக்குள் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கோ அழுகை வந்தது. "அவர் கேட்டது நியாயம்தானே. இந்தப் படிப்புக்கு என்ன வேலை தருவினமெண்டு எனக்கும்தான் விளங்கேல்லை" என்றீர்கள்.

யாருக்கும் விளங்கியிருக்கவில்லை. சொந்த வள்ளத்தில் தொழில் செய்த உங்கள் தம்பி, என் மாமா, பென்சன் உள்ள வேலைதான் வேலை என்று நின்றார். அவர் அலைந்து திரிந்ததில் வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை வேலையும் எனக்குக் கிடைத்துவிட்டது. அதே கிழமை கொழும்பிலிருந்து மீன்பிடிக் கந்தோரும் என்னைக் கூப்பிட்டது. அங்கே இருந்த அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்து, "மாதாமாதம் உங்கள் ஊர்க் கடலில் தண்ணீர் எடுத்து அனுப்ப வேண்டும். பெண்பிள்ளையை வள்ளத்தில் ஏற்றுவார்களா?" என்று கேட்டார். "நான் ஏறுவேன்" என்றேன். அவர் கேட்டது அதுவல்ல என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஒரு வருடத்துக்குத் தற்காலிக வேலை, முதல் மாதப் போத்தல்கள் வராவிட்டால் அதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அதை எடுப்பதென்றால் ஆசிரியை வேலையை விட வேண்டும்.

நான் திரும்பி வரும்போது நீங்கள் புளியங்குளம் சந்தியில் நின்றீர்கள். ஓமந்தைப் பக்கம் கருவாடு விற்றுவிட்டு, வெறுங்கடகத்தோடு முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்திருந்தீர்கள். நடந்ததைச் சொல்லி, "வவுனியா வேலையை விடட்டோ அம்மா?" என்று கேட்டேன்.

"உனக்கு எது வேணும்?"

"கடல்."

"அப்ப ஏன் என்னைக் கேக்கிறாய்?"

பஸ்ஸில் ஏறி நெடுங்கேணிவரை கருவாட்டுக் காசை எண்ணிக்கொண்டு வந்தீர்கள். பிறகு, "உன்ரை மாமன் உன்னைத் தன்ரை வள்ளத்திலை ஏத்தமாட்டான். அதை நான் பாக்கிறன்" என்றீர்கள்.

நம் கரையில் பெண்கள் வலையைக் கடக்கக்கூடாது, வள்ளத்தைத் தொடக்கூடாது. கணவனை இழந்தவள் எதிரே வந்தால் வள்ளமே இறக்கமாட்டார்கள். அப்பா மலேரியாவில் போன நாளிலிருந்து, நீங்கள் விடியற்புறத்தில் கரைப்பக்கம் தலைகாட்டியதில்லை. காயவைக்க மீன் வாங்குவதற்குக்கூட எல்லாரும் வந்து ஓய்ந்த பிறகுதான் போவீர்கள். நான் அதை உங்கள் பழக்கம் என்று நினைத்து வளர்ந்தேன். அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது, நான் முதல் தண்ணீர் எடுக்கப் போன காலைதான் எனக்கு உறைத்தது.

அன்று தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து நேரே கரைக்கு வந்தீர்கள். மாமா வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று, ஏற்றமுடியாது என்று எனக்குத் தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் அவரோடு வாதாடவில்லை. ஆண்கள் செய்வதுபோலவே வள்ளத்தின் முன்புறத்தைத் தொட்டு, சிலுவை அடையாளம் போட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஏறி, நடுப்பலகையில் இருந்துவிட்டீர்கள். வள்ளம் அப்போது மணலில்தான் கிடந்தது.

"இறங்கணை அக்கா. சனம் பாக்குது."

"பாக்கட்டும். நான் தொட்டாச்சு, ஏறியுமாச்சு. கெடுதி வாறதெண்டா அது இப்பவே வந்திட்டுது. இனி இவள் ஏறினாப்போலை அது கூடிப்போகுமோ?"

மாமா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"தள்ளுறதெண்டால் தள்ளு. இல்லாட்டி நான் இதுக்குள்ளையே இருந்து கருவாடு காயவிடுறன். கடல் என்ன ஆம்பிளையளின்ரை வளவோ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சம்மாட்டியார்தான் என்று நினைக்கிறேன். மாமா என்னைப் பார்த்து, ஏறு என்று தலையை ஆட்டினார், நான் ஏறினேன். வள்ளம் அலை தாண்டியதும் நீங்கள் குடலே வெளியில் வருவதுபோலச் சத்தி எடுக்கத் தொடங்கினீர்கள். கடலை நம்பியே வாழ்நாள் முழுவதும் சீவித்த உங்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அதை நீங்களும் அன்றுதான் அறிந்தீர்கள்.

மறுநாள் மாமாவின் வலையில் மீன் படவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாமி நம் வாசலில் வந்து நின்று ஏசினாள். நீங்கள், "போன மாசமும் ரண்டு நாள் படேல்லைத்தானே. அப்ப எந்தப் பொம்பிளை ஏறினவள்?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கு ஒரு கதிரையை எடுத்துப் போட்டீர்கள். ஆனாலும் அன்று நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. உங்களுக்குப் பயமாக இருந்திருக்கும் அம்மா. அது எனக்கு இப்போது தெரிகிறது.

இருந்தும் அடுத்த மாதம் மடியில் தேசிக்காயைக் கட்டிக்கொண்டு வந்து முதலில் ஏறினீர்கள். அதற்கடுத்த மாதமும் ஏறினீர்கள். என் வேலை நிரந்தரமாகும்வரை, சத்தி எடுத்து எடுத்தே எனக்கு ஒரு உத்தியோகம் வாங்கித் தந்தீர்கள். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

போன கிழமை கண்டாவளையிலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு வந்தார். "நாங்கள் வயல்காரர், மிஸ். இவள் கடலைப் படிச்சுப்போட்டு வந்து நிக்கிறாள். இதுக்கு என்ன வேலை கிடக்கு?" என்று கேட்டார். அன்று நம் வீட்டில் யாரிடமும் இல்லாத பதில் இன்று என்னிடம் இருந்தது. மீன்பிடிக் கந்தோர் இருக்கிறது, கரையோரக் களப்பில் வளரும் இறாலைப் பற்றிய ஆராய்ச்சி இருக்கிறது, துறைமுகத்தில் நீர்மட்டம் அளக்கும் வேலை இருக்கிறது, உப்பளத்தில் பரிசோதனை வேலை இருக்கிறது, வெளிநாட்டில் மேலே படிக்கலாம், ஒன்றும் சரிவராவிட்டால் பள்ளிக்கூடம் எங்கும் ஓடிவிடாது என்றேன். "அதெல்லாம் ஆம்பிளையளுக்கெல்லே" என்றார் அவர். அந்தப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வள்ளத்திலை ஏத்துவினமோ, மிஸ்?" தண்ணீர் எடுக்கும் நாளில் கரைக்கு வரச் சொன்னேன்.

மாமாவுக்கு இப்போது கடலுக்குப் போக ஏலாது. அவருடைய வள்ளத்தை ஓட்டுகிறவர் இன்று காலை, "உங்களை ஏத்திப் பழகிட்டுது, மிஸ். புது ஆள் வேண்டாம்" என்றார். நானும் அவரோடு வாதாடவில்லை. முன்புறத்தைத் தொட்டேன், சிலுவை அடையாளம் போட்டேன், ஏறி நடுப்பலகையில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் இடம் விட்டு, அந்தப் பிள்ளையை ஏறச் சொன்னேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்தைத் தள்ளினார்.

அவளும் சத்திதான். நான் கொடுத்த தேசிக்காயைத்தான் அவள் நகத்தால் கீறினாள். ஆனால் அதன் பிறகு என்னிடமிருந்து வாங்கிய உங்கள் கயிற்றைக் கடைசிப் போத்தல்வரை கையைவிட்டு விடவில்லை. கரைக்கு வந்து இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த மாசமும் வரட்டோ, மிஸ்?" என்று கேட்டாள்.

"உமக்கு எது வேணும்?" என்றேன்.

அவள் கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்ப ஏன் என்னைக் கேக்கிறீர்?"