என்னுடைய முறை வந்தபோது

19 மே 1996, ஞாயிறு

ஏவன்டேலில் ஷாமினியின் வீட்டுக் கராஜில் இன்று முதல் முறையாக அவளுடைய குழுவுடன் ஜாஸ் வாசித்தேன். எல்லோரும் பெண்கள். ஷாமினி மலேசியத் தமிழ்ப் பிள்ளை, சாக்ஸபோன் ஊதுகிறாள். ஊதி முடித்து, இனி உங்கள் முறை என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் ஊதியதை ஒரு சுரம் பிசகாமல் வயலினில் அப்படியே வாசித்தேன். நடன அரங்கேற்றங்களில் இருபது வருடமாக அதைத்தானே செய்கிறேன், பாடுகிறவரின் பின்னால் போவது. நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

"அக்கா, அது நான் வாசிச்சது. உங்களோடது எங்க?" என்றாள்.

வில் கையில் இருந்தது. ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் பியானோக்காரி தொடர்ந்தாள்.

ஷாமினி ஊதும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். நான் பாடுகிறவரின் வாயைப் பார்த்தே பழகியவள். ஒரு நாளாவது கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க வேண்டும்.

இரவு பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்திருக்கிறேன்.

"என்ன பாட்டப்பா அது? நான் கேட்டதேயில்லை" என்றார் இவர்.

"நானும்தான் கேட்டதில்லை" என்றேன். சொன்னதும் அது நின்றுவிட்டது.

மறக்குமுன் எழுதிவைக்கிறேன்: க, ம, நி. அடுத்த சுரம் வரவில்லை. நித்திரையும் வரவில்லை.