இவர் தோற்ற வாரம்

புதன்

காலையிலிருந்தே மழை. ஒலிபெருக்கி ஓய்ந்த நிவித்திகல பசார் காதுக்கு இதமாக இருக்கிறது. நாளை வாக்களிப்பு.

செய்ய வேண்டியது: இவருடைய வெள்ளைச் சட்டைக்கு அயர்ன். இரண்டு அடையாள அட்டையும் எடுத்து வைக்க. பருப்பு மூட்டைக்குச் சொல்ல.

பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பாராளுமன்றத்துக்கு எலக்சன் கேட்கிறார்! எழுதும்போதே சிரிப்பு. எல்லாம் அந்த மயானத்தால். தேயிலைத் தோட்டத்து மனேஜர் தொரை, தோட்டத்து மயானத்தில் பாதியை எடுத்து, சுற்றுலா பங்களாவுக்குக் கார் நிறுத்த இடம் செய்யப் போகிறாராம். அளந்து கட்டைகூட அடித்துவிட்டார்கள். அந்தப் பாதியில்தான் எங்கள் மூத்தவள். தவழத் தொடங்கும் முன்னே போனவள். கட்டையைப் பார்த்துவிட்டு வந்த அன்றே இவர், "நான் எலக்சன் கேக்கிறேன்" என்றார்.

கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைக்குமாம். அது இவருக்கா, அதே பட்டியலில் நிற்கும் சிங்களப் பெரிய மனிதர் நிமல் மாத்தயாவுக்கா என்பதுதான் பேச்சு. பட்டியலில் யாருக்கு விருப்பு வாக்கு அதிகமோ அவருக்குத்தான் ஆசனம்; அதில் இழுபறியாம்.

கடையில் இவரைப் பற்றிக் காதில் விழுந்தது: "ஓட்டுப் பிரிக்கத் தொரையே நிறுத்தின ஆளாம்ல." சீனியை நிறுத்துக் கட்டிக் கொடுத்தேன்.

போன வாரம் கடைக் கண்ணாடிக்குக் கல். இன்று போனில் ஒரு கோல். சிங்களத்தில், கடையைப் பார்த்துக்கொள் என்றான் எவனோ. இவரிடம் சொல்லவில்லை.

வியாழன்

தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாக்கு. வரிசை ரோடு வரைக்கும். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும், கொழுந்தெடுக்கும் செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் கட்டாயம் செயிச்சிருவாருங்க அக்கா. நம்ம லயத்துல ஒருத்தர் விடாம வந்திருக்கோம்."

தலையாட்டினேன். தோற்றால் நல்லது என்று நினைத்துக்கொண்டேதான் இவர் இலக்கத்தில் புள்ளடி இட்டேன்.

மதியம் ரொட்டி, சம்பல். இவர் தொடவில்லை.

வெள்ளி

தோற்றுவிட்டார். சில நூறு வாக்குதான் குறைவு. நிமல் மாத்தயாவுக்கு ஆசனம்.

வாக்கு எண்ணிய இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் வந்தார். தலையெல்லாம் ஈரம்.

"சாப்புடுறீங்களா?"

"போடு."

இரண்டு தடவை சோறு வாங்கினார். செல்வியும் இன்னும் நாலு பேரும் வாசலில் நின்று அழுதார்கள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அவர்கள் நினைத்த அழுகை இல்லை. அப்பாடா என்று வந்த அழுகை. இனி கல் விழாது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஆனால் மூத்தவள்?

சனி

காலையில் ஜீப். நிமல் மாத்தயா தனியாக இறங்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து பிளேன்டீ கேட்டார். தமிழ் திக்கித் திக்கி வருகிறது.

"முதலாளி, லயத்து ஆளுக எல்லாம் ஒங்களுக்குத்தான் போட்டது. எனக்கு பயம் வந்திச்சி."

இவர் டீக் கோப்பையை நீட்டினார்.

"தொரைகிட்ட பேசியாச்சி. மயானத்துல கை வைக்க மாட்டாங்க. இன்னிக்கே கட்டை புடுங்குவாங்க. அடுத்த தடவ அதே ஆளுக எனக்கும் போடணும்தானே."

"கல்லெறிஞ்சது யாரு மாத்தயா?" இவர் நேராகக் கேட்டுவிட்டார்.

அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "எங்க பொடியனுகதான் இருக்கும். நான் சொல்றேன் அவனுகளுக்கு."

"கண்ணாடிய நான் போட்டுக்கிறேன். கட்டைய மட்டும் பாத்துக்கங்க."

கை குலுக்கினார்கள். டீக்குக் காசு வாங்க இவர் மறுத்துவிட்டார்.

ஞாயிறு

மழை விட்டது. கடையைச் சாத்திவிட்டு மயானத்துக்குப் போனோம். கட்டைகள் இல்லை. அடித்த இடமெல்லாம் குழி, குழியில் தண்ணீர். மூத்தவளின் மேட்டில் புல் ஏறியிருந்தது. பிடுங்கினோம்.

திரும்பும்போது இவர் கேட்டார். "நான் செயிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்னு நெனைக்கிறியா?"

"கொழும்புல யாரு ஒங்களுக்குச் சோறு போடுவா?"

நின்று சிரித்தார். நானும்.

பாதி வழியில் மறுபடி மழை. குடை எடுத்து வரவில்லை.