கத்தி பட்டால் பரவும் என்று எழுதிய மகனுக்கு

உ

தாராவி, பம்பாய்
9-3-1966

அன்புள்ள மகன் தளவாய்க்கு உன் அம்மா ஆறுமுகத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே உன் அப்பாவின் இடது கன்னம் நீங்கலாக எல்லாம் சுகம், அங்கே உன் புத்தி நீங்கலாக எல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். என் பேத்தி பேராச்சிக்குப் பதினோராம் மாதத்திலேயே ஆறு பல் வந்துவிட்டதாக மருமகள் எழுதியிருந்தாள், சந்தோஷம், அவள் என் வழி, அவளைப் பெற்றவனுக்கு ஒன்றே கால் வயது வரைக்கும் பொக்கை வாய்தான், எதிலும் நீ பிந்தித்தான் வருவாய். இந்த ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவதிலாவது முந்திக்கொள் என்பதற்காகத்தான் பரேல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மடியில் தாளை வைத்து எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து இன்றோடு பதினெட்டு நாள் ஆகிறது. உயிரோடு இருக்கிறார். கத்தி பட்டு ஒன்றும் பரவவில்லை. ஆனால் வருகிற இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை தொடங்க வேண்டிய, மெஷினில் படுக்க வைத்துக் கதிர் பாய்ச்சுகிற கரண்டு வைத்தியத்துக்கு மாட்டவே மாட்டேன் என்று படுத்திருக்கிறார், அதற்குக் காரணம் நோய் இல்லை, டாக்டர் இல்லை, பி.ஏ. படித்து பிலாயில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற நீ.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், எதையும் பாதி கேட்டுவிட்டு முழுசாகத் தீர்ப்புச் சொல்வது உன் அப்பா வழி வழக்கம் என்பதால் பொறுமையாக வாசி. குர்லாப் பட்டறையில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு நடுவே பீடி பற்ற வைக்கக்கூடாது, அதனால் முப்பது வருஷமாக உள்ளங்கையில் தம்பாக்குப் புகையிலையையும் சுண்ணாம்பையும் தேய்த்து இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் அவர் மெஷினைத் தொடுவார், அது உனக்கும் தெரியும். அந்த டப்பாவைத் தினமும் காலையில் நிரப்பிக் கொடுத்தது இந்தக் கைதான், அந்தப் புண்ணியத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். தம்பாக்கு அடங்குகிற அதே இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது, விரலால் தேய்த்தால் போகவில்லை. அப்புறம் குழம்புக் காரம் பட்டால் எரிந்தது. அப்புறம் புண்ணாயிற்று. உன் சித்தப்பா கோமதிநாயகம் திலக் நகரிலிருந்து வந்தவன் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அண்ணாச்சிக்குச் சூடு, வெளக்கெண்ண குடிச்சுட்டு மணத்தக்காளி தின்னாச் சரியாப் போயிரும் என்றான். அவன் சொன்ன தோரணையைப் பார்த்தால் விக்ரோலியில் பெட்டிக்கு ஆணி அடிக்கிறவன் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மணத்தக்காளி தின்றே ஒரு மழைக்காலம் போயிற்று.

ஐப்பசியில் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல் ஆட ஆரம்பித்தது. பல் ஏன் ஆடுகிறது என்று யோசிப்பார்களா, சயான் ஸ்டேஷன் பக்கம் துணி விரித்துக் குறடு வைத்திருக்கிறவனிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். பிடுங்கின குழி மூடவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, மூடுவதற்குப் பதிலாக ஓரத்தில் சதை காலிபிளவர் மாதிரிப் பூத்தது. வலிக்கிறதா என்று கேட்டால், ஒரு பொட்டு வலி கெடையாதுளா என்று பெருமை வேறு. வலிக்காத நோய் நோயே இல்லை என்பது நம் ஆட்களுடைய சாஸ்திரம். வீட்டுக்குள் வருகிற திருடன் கதவைத் தட்டிவிட்டு வருவான் என்று காத்திருக்கிற கூட்டம் இது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் இருந்தேன்.

கண்டுபிடித்தது யார் என்று கேள். சித்தப்பா இல்லை, குறடுக்காரன் இல்லை. பட்டறையில் கூட வேலை பார்க்கிற ஜமாலுடைய வீட்டுக்காரி பேகம், நம் வரிசையில் நாலாவது வீடு. கருக்கின புகையிலைப் பொடியை மிஸ்ரி என்று சொல்லிப் பல்லில் தேய்த்துத் தேய்த்து அவளுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் வலது தாடையில் கத்தி வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வாசலில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துப் பிய்த்து ஒரே பக்கமாக ஒதுக்கி மெல்வதைப் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணே, வாயத் தொறங்க, மூணு வெரல் போகுதான்னு பாக்கேன் என்று எல்லோர் முன்னாலும் அதட்டினாள். இரண்டு விரல்கூட நுழையவில்லை. நாளைக்கே பரேலுக்குப் போறீங்க, போகாட்டி நானே காதப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன் என்றாள். பாதித் தாடையோடு அவள் பேசுகிற பேச்சில் கால் பங்கு நீ முழு வாயோடு இது நாள் வரை பேசியதில்லை.

பரேலில் பார்த்தது ஷ்யாமளா என்று ஒரு டாக்டர், மாட்டுங்காவில் இருக்கிற பாலக்காட்டு வீட்டுப் பெண், உன்னைவிட வயது குறைச்சல்தான் இருக்கும். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, எந்தப் பக்கம் அடக்குவேள் மாமா என்று கேட்டாள். இடது என்றார். அப்போ அங்கேதான் முதல்லே பாக்கணும் என்று வெளிச்சம் அடித்துக் கன்னத்தை இழுத்து, நாக்கைத் தூக்கி, ரப்பர் உறை போட்ட விரலால் மூலை மூலையாகத் தடவிப் பார்த்தாள். பிறகு கழுத்தை அழுத்தினாள். தாடைக்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. சனிக்கிழமை தவறாமல் அந்தக் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற என் கைக்கு அது தட்டுப்படவே இல்லை, படிக்காத கை. என்ன நோய் என்று உடனே சொல்லும்மா என்றேன். கண்ணாலே பாத்து நான் சொல்லப்படாது மாமி, சதைதான் சொல்லணும் என்று புண் ஓரத்தில் மிளகளவு கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். எட்டு நாள் கழித்துச் சதை சொல்லிவிட்டது, புற்று என்று. கன்னத்துச் சதையையும் அதை ஒட்டின தாடை எலும்பில் ஒரு துண்டையும் கழுத்துக் கட்டிகளையும் எடுக்க வேண்டும், புண் ஆறின பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய வேர் மறுபடி தலையெடுக்காமல் இருக்க ஆறு வாரம் கரண்டு வைக்க வேண்டும், இரண்டில் ஒன்றை விட்டாலும் பாதி வைத்தியம்தான் என்று எனக்குப் புரிகிற மாதிரி இரண்டு தடவை சொன்னாள். படுக்கைக்கு நாளும் குறித்துக் கொடுத்தாள். இதையெல்லாம் நான் ஒரு கார்டில் உனக்கு எழுதினேன். சேதி சொன்னேனே தவிர உன்னிடம் யோசனை கேட்கவில்லை.

கேட்காத யோசனை வந்து சேர்ந்தது. நம் வரிசையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசலில் வைத்துச் சத்தமாக வாசிப்பதுதான் வழக்கம், ஆறுமுகத்தாய் வாசித்தால் ஒரு எழுத்தை முழுங்க மாட்டாள் என்று எனக்கு ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெருமையில், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கண்ணை ஓட்டிப் பார்க்காமல், பத்துப் பேருக்கு நடுவே கணீரென்று வாசித்தேன். அப்பா, புற்றில் கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று எங்கள் ஆபீசில் சொல்கிறார்கள், ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், இங்கே துர்க் பக்கம் ஒரு சாமியார் பச்சிலை கட்டுகிறார், மூன்று மண்டலத்தில் குணம் தெரியும், இப்படிக்கு உங்கள் மகன். வாசித்து முடித்தபோதுதான் என் வாய் என்ன செய்தது என்று எனக்கு உறைத்தது. உன் அப்பா அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படிச்ச புள்ள சொல்லிட்டான், நான் வரலளா என்று எழுந்து போய்விட்டார்.

மூன்று மண்டலம் என்றால் நூற்று நாற்பத்து நாலு நாள். பட்டாணி தேங்காயாகிவிடும். மறுநாள் நான் தனியாகப் போய் அந்த டாக்டர் பெண்ணிடம், கத்தி பட்டால் பரவும் என்கிறார்களே என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை, கழுத்துக்கு எப்பவோ போயாச்சே மாமி, இன்னும் கத்தியே படலியே, யார் கொண்டு போனா என்று கேட்டாள். எல்லாரும் முத்தினப்புறம் வரா, அப்புறம் போயிடறா, பழி கத்தி மேலே என்றாள். உன் பி.ஏ.வுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை பார். வீடு பற்றி எரிந்து முடிகிற சமயம் வந்து தண்ணீர் அடிக்கிற பம்புக்காரனைப் பார்த்து, தீ வைத்தவன் இவன்தான் என்று கை காட்டுகிற புத்தி உங்கள் ஆபீசில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ.

படுக்கைக்குக் குறித்த நாளுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. உனக்கு எழுதிப் பதில் வர வழியில்லை. அதனால் உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். அவருக்குத்தான் எழுத்துத் தெரியாதே, தபால்காரன் வருகிற நேரத்தில் டிரங்குப் பெட்டியிலிருந்து உன் பழைய கடிதம் ஒன்றை எடுத்து, இப்போதுதான் வந்தது என்று சொல்லி, அதில் இல்லாததை வாசித்தேன். அப்பா, போன கடிதத்தில் எழுதியது தப்பு, எவனோ சொன்னதை விசாரிக்காமல் எழுதிவிட்டேன், டாக்டர் சொல்கிறபடி ஆபரேஷனும் செய்துகொள்ளுங்கள், கரண்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கன்னம் போனால் போகட்டும், உங்கள் பேத்தி முத்தம் கொடுக்க இன்னொரு கன்னம் இருக்கிறது. இப்படி வாசித்தேன். இதெல்லாம் நீ எழுதுகிற ஆள் இல்லை, நான் உனக்கு இரவல் கொடுத்த வார்த்தை. உன் அப்பா தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், என்னிடமே கொடுத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். கையெழுத்துப் போட மகன் எங்கே என்று கேட்டார்கள், மகன் இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறது என்று நானே போட்டேன், ஆறுமுகத்தாய் என்று முழுப் பெயரும். மூக்கு வழியாகக் குழாய், அதில்தான் பாலும் கஞ்சியும். பேச்சு இன்னும் வரவில்லை, வரும் என்கிறார்கள். கழுத்துக் கட்டியில் ஒன்றே ஒன்றில்தான் நோய் இருந்ததாம். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கரண்டு வைத்துக் கன்னம் கறுத்து வாயெல்லாம் வெந்து வந்ததைப் பார்த்தாரோ இல்லையோ, முந்தாநாள் சட்டைப் பையிலிருந்து உன் தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார். பச்சிலைக் கடிதம். ஆபரேஷனுக்குப் போனபோதுகூட அதைத் தூர எறியவில்லை. நான் உடனே, அதற்கப்புறம் வந்த கடிதம் இருக்கிறதே என்று என் கைப்பையிலிருந்து மற்றதை எடுத்து விரித்தேன். அவர் அதன் மூலையைப் பெருவிரலால் தேய்த்து விரலை என் முகத்துக்கு நேரே காட்டினார். மஞ்சள்.

போன சித்திரையில் பேத்தி பிறந்த சேதிக்கு நீ நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எழுதின கடிதம் அது. அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்தேன், மூலையை நான் பார்க்கவில்லை. எழுத்துத் தெரியாதவருக்குத் தாள் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் துண்டை எடுத்துத் தோளில் போட்டிருக்கிறார். நான் உன்னை மட்டம் தட்டி இத்தனை எழுதினேனே, அந்த ஒரு விரலுக்கு முன்னால் நானும் மட்டம்தான். ஒரு தடவை என் பொய்க்காகக் கழுத்தை நீட்டிவிட்டார், இரண்டாவது தடவைக்கு மகன் வார்த்தை வேண்டும் என்று அந்த விரலாலேயே கேட்கிறார், அது நியாயம். கரண்டை விட்டுவிட்டால் எடுத்த நோய் திரும்ப வர எடுக்காத நோயைவிட அவசரப்படுமாம், டாக்டர் பெண் மறைக்காமல் சொன்னாள்.

ஆகவே இந்தக் கடிதம் கண்ட அன்றே எழுது. உன் பெயரில் நான் வாசித்த வார்த்தைகளை மேலே வரிசையாக எழுதியிருக்கிறேன், அதையே எழுதினாலும் சரி, அதைவிட நன்றாக எழுதத் தெரிந்தால் அதுவும் சரி, ஆனால் தப்பு என்னுடையது என்கிற வரியை மட்டும் விட்டுவிடாதே, அந்த வரிதான் சட்டைப் பையிலிருக்கிற தாளைக் கிழிக்கும். நீயும் ஆபீஸ் நேரத்தில் ஜர்தாப் புகையிலை வைத்த பான் போடுகிறாய் என்று மருமகள் எழுதியிருக்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திற, கன்னத்தை இழுத்துப் பார், நாக்குக்கு அடியிலும் பார். தேய்த்தால் போகாத வெள்ளையோ சிவப்போ, மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லை என்று எனக்கு எழுதாதே, டாக்டரிடம் காட்டிவிட்டு எழுது. அந்தப் பான் சக்கையை இன்றைக்கே துப்பு, என் பேத்திக்கு வாய் நாறாத அப்பன் வேண்டும்.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். உனக்கும் உண்டு, பேராச்சி அம்மன் உனக்கு முதலில் புத்தியையும் பிறகு ஆயுசையும் கொடுக்கட்டும். கடைசியாக ஒரு ஞாபகம். இனி என் வாசிப்புக்கு உன் அப்பாவிடம் மதிப்பில்லை, நாற்பது வருஷத்துப் பெயர் ஒரு மஞ்சள் கறையில் போயிற்று. உன் கடிதம் வந்தால் எதிர்ப்படுக்கைக்குத் துணையிருக்கிற கணேசபாண்டியனைத்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும், ஆகவே கிறுக்காமல் எழுது. இருபதாம் தேதிக்குள் லீவு கிடைக்குமானால் தபாலில் போடாதே. எழுதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீயே வாசி.

இப்படிக்கு
உன் அம்மா
ஆறுமுகத்தாய்