கடைசி வரி போன இடம்

அக்டோபர் 12, ஞாயிறு
அம்மாவுக்குக் காது கேட்காது. போனில் எதிர்முனையில் இருப்பவர் பேசுவதை நான் வேலை பார்க்கும் கம்பெனி எழுத்தாக்கி அம்மாவின் கருவிக்கு அனுப்பும். அதன் திரையில் படித்துத்தான் பதில் சொல்வார். இன்று பஃபலோவிலிருந்து தம்பி வெண்டெல் பேசினான். முடிந்ததும் அம்மாவுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

“வச்சிடறேம்மான்னு ஒரு வார்த்தை சொல்றானா பாரு. படக்குன்னு வச்சிடறான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அவன் வாசலை மிதிக்க மாட்டேன்.”

அக்டோபர் 13
வெண்டெலைக் கூப்பிட்டுக் கத்தினேன். எப்போதும் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறானாம்.

அக்டோபர் 15
ஆபீஸில் தோண்டிப் பார்த்தேன். தப்பு அவனுடையதில்லை, எங்களுடையது! அவன் வைத்த மறுகணமே எங்கள் சர்வர் அம்மாவின் கருவியோடு உள்ள இணைப்பை அறுத்துவிடுகிறது. அந்த நேரம் கருவி எங்களுக்கு அனுப்பிய தகவல் ஏதாவது சர்வர் படிக்காமல் கிடந்தால் போச்சு — அம்மாவுக்குப் போய்க்கொண்டிருக்கும் கடைசி வரியும் சேர்ந்து தொலைகிறது. மேலாளர் கர்டிஸிடம் சொன்னேன். கடைசி வரி ‘பை’தானே, அதனால் யார் செத்தார்கள் என்றார். இரண்டு நொடி காத்திருந்து அறுத்தால் போதுமாம்.

அக்டோபர் 22
இரண்டு நொடியைப் போட்டார்கள். இன்றும் வரி போனது. மெதுவான இணைப்புக்கு இரண்டு நொடி எந்த மூலைக்கு? மடத்தனம்.

நவம்பர் 5
கூட்டத்தில் பொறுக்கவில்லை. “நம்ம சர்வர், நான் முடிச்சிட்டேன்னு முதல்ல கருவிக்குச் சொல்லணும். சொல்லிட்டு, அது அனுப்பறதைப் படிச்சுக்கிட்டே இருக்கணும். அதுவும் முடிச்சிட்டேன்னு சொன்னப்புறம்தான் மூடணும். பதிலே வரலைன்னா அப்ப அறுங்க.”

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் கர்டிஸ். அவருடைய மாமனாரும் எங்கள் கருவியைத்தான் வைத்திருக்கிறார். அந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்று டாக்டர் கடைசியாகச் சொன்னது அவருக்குப் போய்ச் சேராவிட்டால், அதுவும் ‘பை’தானா என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. சரி, செய்து தொலை என்றார்.

நவம்பர் 20
புது முறையைப் போட்டாயிற்று.

நவம்பர் 23, ஞாயிறு
வெண்டெல் பேசினான். அவன் வைத்த பிறகு திரையில் ஒரு வரி வந்தது: ‘உடம்பைப் பாத்துக்கம்மா, உன் நெனப்பாவே இருக்கு, வச்சிடறேன்.’

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எங்கள் கோளாறால்தான் இந்த வரி இதுவரை வரவில்லை என்று எழுதிக் காட்டினேன். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் சொன்னானா?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அதையெல்லாம் எங்க வச்சிருக்கீங்க? எடுத்துக் குடு.”

நாங்கள் எதையும் எடுத்து வைப்பதில்லை. போனது போனதுதான். அதையும் எழுதிக் காட்டினேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

நவம்பர் 27
பஃபலோவுக்குக் கிளம்புகிறோம். அம்மா எனக்கு முன்பே காரில் ஏறி, பூசணிக்காய்ப் பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தொலைந்த அந்த வரிகளுக்காக என்னோடு இன்னும் பேசவில்லை.