மொம்பாசா வழியாக வந்த பட்டை

1946 ஜூலை 21, ஞாயிறு

தென்னாப்பிரிக்காவோடு இனி வாணிகம் கிடையாது என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. நம் ஜனங்களை அங்கே நிலம் வாங்க விடாத சட்டத்துக்குப் பதிலடி. அதை எதிர்த்துத்தான் டர்பனில் என் மருமகன் சிறையில் இருக்கிறார். மகள் சந்திரலேகா அங்கே தனியாக இருக்கிறாள். இன்று மாதா கோவில் பூசையில் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மகன் பெரியநாயகம் சரக்குக் கணக்கை எடுத்துப் புரட்டினான். என் வீட்டுக்காரர் விட்டுப்போன தாராவி தோல் ஷாப் ஓடுவதே அங்கே நேட்டாலிலிருந்து வரும், தோல் பதனிடுகிற வாட்டில் மரப்பட்டையில்தான்.

ஆகஸ்ட் 30

பட்டை தீர்ந்தது. ஊரிலிருந்து ஆவாரம்பட்டை வரவழைக்கச் சொன்னேன். ரயிலில் வாகன் கிடைக்கவில்லையாம்.

செப்டம்பர் 17

குழியிலேயே தோல் அழுகுகிறது. பிச்சை என்கிற எங்கள் மேஸ்திரி வந்து கேட்டான்: "ஆளுகள ஊருக்கு அனுப்பிரட்டுமாம்மா? சும்மா நிக்க வச்சு என்ன செய்ய?"

தலையாட்டினேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 29

மொம்பாசாவில் ஒரு ஏஜெண்ட் இருப்பதாகப் பெரியநாயகம் சொன்னான். நேட்டால் பட்டையை வாங்கி, சாக்கை மாற்றி, கென்யாச் சரக்கு என்று அனுப்புவானாம்.

"மொம்பாசாவுல கப்பல் ஏறினா அது மொம்பாசா மால்தாம்மா."

"மரம் எங்கே வளர்ந்தது?"

"மரம் வாயத் தொறந்து சொல்லவா போவுது?"

கம்பெனியின் ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் நான் எழுதுபவை. இவன் எழுதினால் ஏஜெண்ட் சிரிப்பான். மாட்டேன் என்றேன்.

"அப்போ ஷாப்ப மூடிருதேன். நீங்களே பிச்சைகிட்ட சொல்லிருங்க."

மருமகனை அடைத்து வைத்தவர்களிடமே சரக்கு வாங்குவதா? பெற்றவள் செய்கிற காரியமா இது?

அக்டோபர் 3

மொம்பாசாவுக்கு இன்னும் எழுதவில்லை.

அக்டோபர் 11

பிச்சை பெண்டாட்டி பிள்ளைகளோடு சொல்லிக்கொண்டு போக வந்தான். "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றான். குத்தலா, மனதாரவா — தெரியவில்லை. அவன் படி இறங்குவதற்குள் கூப்பிட்டுவிட்டேன். "போக வேண்டாம், இரு."

மத்தியானம் மொம்பாசாவுக்கு எழுதினேன். கான்வென்டில் மதர் பழக்கிய கையெழுத்து. ஓர் எழுத்தும் பிசகவில்லை.

டிசம்பர் 9

பட்டை வந்து குழிகள் நிரம்பின. சாக்கில் கென்யா என்று இருக்கிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

சந்திரலேகா எழுதியிருக்கிறாள்: "அங்க நீங்க எல்லாரும் கஷ்டத்தப் பொறுத்துக்கிட்டு இருக்கீய. அதுதாம்மா எங்களுக்குத் தெம்பு."

ஆவாரம்பட்டையில் சமாளிக்கிறோம் என்று பதில் எழுதினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் அதை நாவில் வாங்கக் கூடாது; நான் எழவில்லை. பக்கத்து வீட்டு அன்னத்தாய் குனிந்து, "மேலுக்குச் சரியில்லையா பெரியம்மா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.