டிராக்டர் கோலாட்டம்

16-1-1982, சனி

“சார், வலதுன்னா உங்க வலதா, எங்க வலதா?” என்று ஒத்திகையில் டிரைவர் காசிம் கேட்டார். “உங்க வலதுதாம்பா. எதிர்ல நிக்கிற நான் இடது கையை நீட்டுவேன்” என்றேன். பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கோலாட்டம் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான்.

இன்று வேங்கிக்கால் மைதானத்தில் காணும் பொங்கல் கூட்டம். எட்டு டிராக்டர்கள் ஜோடி ஜோடியாகச் சுற்றிவந்தன. என்ஜின் சத்தத்தில் குரல் எடுபடாது என்று கொடியால் திசை காட்டினேன். கடைசிச் சுற்றில், வலது என்று காட்டவேண்டிய நேரத்தில் என் வலது கையே நீண்டுவிட்டது. மற்ற ஏழு பேரும் மனப்பாடமாகத் திரும்பினார்கள். காசிம் மட்டும் என் கொடியை நம்பினார். எதிர்வண்டியில் மோதி, அவர் ஓட்டிய, அவருடைய முதலாளியின் புது டிராக்டர் முன்பக்கம் நசுங்கியது.

“நாளையிலேர்ந்து வண்டியத் தொடாத!” என்று காசிமிடம் கத்தினார் முதலாளி.

“தப்பு என்னுதுங்க” என்றேன்.

“வுடுங்க சார், அவன் மேல ஜாஸ்தி பாசம் உங்களுக்கு” என்று சிரித்துவிட்டார்.

கரும்பலகையில் நான் தப்பாக எழுதியதைச் சரியாகப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு அடி விழுந்த மாதிரி இருக்கிறது. காசிமுக்கு வீட்டில் மூன்று குழந்தைகள்.

எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: விடிந்ததும் முதலாளி வீட்டுக்குப் போ. விளக்கம் சொல்லாதே, எதிரே நின்று, தப்பாக நீண்ட அந்த வலது கையை நீட்டிக் காட்டு.