நெடுந்தீவுக் குதிரைகளும் உன் அண்ணனும்

இன்று காலை மார்க்கெட் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா, பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்துக் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஓதெகொலோன்! பஸ் முழுக்க மணந்தது. "இந்த வாசனையோட போனா குதிரை வராதும்மா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நல்லவேளை, கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று நினைத்திருந்தால் அது உன் தப்பு.

எழுபதுகளின் கடைசி அது. நீ டைப் அடித்துக்கொண்டிருந்த கப்பல் ஏஜெண்ட் ஆபீசை இழுத்து மூடிவிட்டார்கள். கப்பலே வராத புதுச்சேரியில் கப்பல் ஏஜெண்டுக்கு என்ன வேலை? அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் நீ ஒருத்தி. அண்ணன் பாரீசில். உன் பெட்டியில் ஒரு பிரெஞ்சு பாஸ்போர்ட். அவர் லீவில் வரும்போதெல்லாம் "வந்துடு" என்பார். அந்த முறை உனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். தங்கச்சி தனியாகக் கஷ்டப்படக் கூடாதென்று நினைத்த நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அவர்மேல் கொலைவெறி. மில் வாசலில் மெஸ் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே என்னோடு சண்டை போட உன்னை விட்டால் யார் இருந்தார்கள்?

உனக்குப் போக விருப்பமில்லை. உன் தலையில் அப்போது ஒரே ஒரு தீவுதான் இருந்தது. கான்வென்டில் கூடப் படித்த யாழ்ப்பாணத்துத் தோழியின் கல்யாணத்துக்குப் போனவள், அவளுடைய சித்தப்பா வீடு இருக்கும் நெடுந்தீவைப் பார்த்துவிட்டுப் பித்துப் பிடித்துத் திரும்பி வந்தாய். கடலுக்கு நடுவே ஒரு தட்டையான வெளி, அதில் யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள், எந்தக் காலத்திலோ போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து விட்டுப்போனவற்றின் வம்சம். லாயமும் இல்லை, கடிவாளமும் இல்லை. சாம்பார் வாளியோடு நின்ற என்னைப் பிடித்து உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னாய். நம் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், அதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்றாய். எட்டுப் பேருக்கு மேல் ஒரு ஆள் கூடாது, கூடினால் அது கல்யாண ஊர்வலம் என்றாய். சோறு என் பொறுப்பு, குதிரை உன் பொறுப்பு. அப்படித்தான் நாம் கூட்டாளிகள் ஆனோம்.

அண்ணன் எடுத்த எடுப்பில் சிரித்தார். நீ விடவில்லை. கடைசியில் அவர் தானும் வருவதாகச் சொன்னார். வந்து பார்ப்பார், உருப்படியான வேலைதான் என்று அவருக்குப் பட்டால் நீ புதுச்சேரியிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் அவரோடு விமானம் ஏற வேண்டும். நீ ஒத்துக்கொண்டாய். உன் வாழ்க்கை, என் மத்தியானங்கள், எல்லாம் போயும் போயும் நாலு கால் பிராணிகளின் கையில்!

ஈஸ்டர் முடிந்த வெயிலில் கிளம்பினோம். அடேயப்பா, அந்தப் பயணம்! விழுப்புரத்தில் ரயில், ராமேஸ்வரத்தில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், யாழ்ப்பாணத்தில் பஸ், கடைசியில் மோட்டார் வள்ளம். நம் கூட்டத்தில் தவளக்குப்பத்து வாத்தியாரும் அவர் வீட்டம்மாவும் வழியெல்லாம் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த நம் தெரு சொல்தா தாத்தா, அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை. வள்ளத்தில் அலை தூக்கிப் போட்டபோது எல்லாருக்கும் குமட்டல். உன் அண்ணன்தான் பாரீசிலிருந்து கொண்டுவந்த பெரிய ஓதெகொலோன் பாட்டிலைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினார். "மெர்சி, மெர்சி" என்று ஆளாளுக்குக் கழுத்திலும் நெற்றியிலும் பூசிக்கொண்டார்கள். மீன் பெட்டிகளுக்கு நடுவில் நம் வள்ளம் மட்டும் கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல் மணத்துக்கொண்டு போனது.

தீவில் கால் வைத்ததும் நீ வேறு ஆளாகிவிட்டாய். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், சுண்ணாம்புப் பூச்சே இல்லாமல் கல்மேல் கல்லாகக் கண்ணுக்கெட்டிய வரை போகும் வேலிகள். இடிந்த ஒல்லாந்தர் கோட்டை. தூது போகும் புறாக்களுக்காகக் கட்டிய கல்கூண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து வேர்பிடித்த பெருக்க மரத்தின் பொந்து வயிற்றுக்குள் ஒவ்வொருவராக நுழைந்து நின்றோம். வாத்தியார் உள்ளே நின்று குரல் கொடுத்துப் பார்த்தார். அவர் வீட்டம்மா அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்றார். நீ ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனாய், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நான் ஓரக்கண்ணால் உன் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோல் தலையாட்டினார், அவ்வளவுதான். "குதிரை எங்க?" என்று மட்டும் கேட்டார்.

தோழியின் சித்தப்பா, "ஓம் பிள்ளை, பின்னேரம் தண்ணி குடிக்க வரும்" என்றிருந்தார். அந்தக் கோடையில் எல்லாக் குளமும் வற்றி, தெற்கு வெளியில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. குட்டைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கல்வேலி. மறைந்து உட்கார அதை விட்டால் இடமில்லை. முதல் நாள் உட்கார்ந்தோம். தூரத்தில் புழுதி எழுந்தது, பழுப்புப் பழுப்பாக உருவங்கள் தெரிந்தன. வந்தன, நின்றன, தலையைத் தூக்கின. அப்படியே திரும்பி ஓடிவிட்டன. மறுநாளும் அதே கதை. தாகத்தோடு வந்த குதிரைகள் தண்ணீரைப் பார்த்தும் குடிக்காமல் ஓடுவானேன்? உன் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊருக்குப் போய்ப் பெட்டி கட்ட வேண்டிய விஷயத்தை மெதுவாகப் பேச ஆரம்பித்தார். உன் முகம் செத்துப்போயிருந்தது.

கடைசி நாள் மத்தியானம், நான் எல்லாருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நீ சாப்பிடவில்லை. திடீரென்று எழுந்து ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து மோந்து பார்த்தாய். பைத்தியம் முற்றிவிட்டது என்று நான் நினைத்தேன். உன் கேள்வி எல்லாரையும் நிமிர வைத்தது.

"எல்லாரும் என்ன பூசினு இருக்கீங்க?"

வாத்தியார் வீட்டம்மா கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து ஒன்று. சொல்தா தாத்தா கோட்டுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். அண்ணனுடைய பெரிய பாட்டில் நடுவில் பாதி காலியாக நின்றது. காற்று கடலிலிருந்து வேலியைத் தாண்டிக் குட்டைப் பக்கம் வீசுகிறது, நம் வாசனை நமக்கு முன்னால் போய்க் குதிரையின் மூக்கில் ஏறுகிறது என்று நீ சொன்னாய். தீவு ஜனங்களின் வாசனை அதுகளுக்குப் பழக்கம். புதுச்சேரிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் பூசைக்குப் போட்டுக்கொள்ளும் வாசனையை அதுகள் எங்கே கண்டன? என்னைப் பார்த்து, "வெங்காய நாத்தத்தோட இருக்கற நீ ஒருத்திதான்டி குதிரைக்கு ஏத்தவ" என்றாய். அந்த நேரத்திலும் உனக்கு என்னைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை.

குளிக்கலாம் என்றால் கிணற்றில் குடிக்கவே தண்ணீர் இல்லாத கோடை. எல்லாரும் கடலில் முழுகிவிட்டு வர வேண்டும், சோப்பு கூடாது, பூசின துணியும் கூடாது என்று சொல்லிவிட்டாய். காசு கொடுத்து வந்தவர்களிடம்! சொல்தா தாத்தாதான் முதலில் எழுந்தார். உனக்கு ஒரு சலாம் வைத்தார், கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார், நேரே கடலுக்குள் நடந்தார். வாத்தியாரும் வீட்டம்மாவும் பின்னாலேயே போனார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். உன் அண்ணன் மட்டும் அசையவில்லை.

"அஸே, போதும். ஊர் பெரிய மனுஷங்கள இட்டுனு வந்து கடல்ல தள்ளறதுதான் தொழிலா? நான் வரல."

"வரலன்னா இங்கயே இரு. குதிரை வந்தா அவங்க பாக்கட்டும்," என்றாய். அவர் பார்க்காவிட்டால் யார் பார்த்து என்ன பிரயோஜனம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. பேசிப் புரிய வைக்கிற பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது? சோறு வடித்த குண்டானை எடுத்துக்கொண்டு போய்க் கடல் தண்ணீரை மொண்டு வந்தேன். "மன்னிச்சுக்குங்க அண்ணே" என்றேன். தலையோடு ஊற்றினேன். பாரீஸ் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள, காதோரம் இரண்டு சோற்றுப் பருக்கையோடு அவர் நின்றார். போச்சு, நானே உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் பருக்கையை எடுத்துப் பார்த்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நீயே பார்த்ததில்லை என்று பிறகு சொன்னாய். சிரித்துக்கொண்டே போய்க் கடலில் முழுசாக முழுகிவிட்டு வந்தார்.

சாயங்காலம் உப்புப் பூத்த உடம்போடு, தீவுக்காரர்களிடம் இரவல் வாங்கிய துணியில், வேலிக்குப் பின்னால் வரிசையாகக் குந்தினோம். நீ என் வாய்மேல் கையை வைத்தே உட்கார்ந்திருந்தாய். புழுதி எழுந்தது. வந்தன. நின்றன. முன்னால் வந்த ஒரு கிழட்டுப் பெண்குதிரை மூக்கை விரித்துக் காற்றை இழுத்தது. அது தலையைத் தாழ்த்தித் தண்ணீரில் வாயை வைத்தது.

அப்புறம் எத்தனை குதிரைகள்! பழுப்பு, கறுப்பு, வெள்ளைக் காலோடு ஒன்று, தாயின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்து ஒளிந்து வந்த ஒரு குட்டி. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அத்தனை கிட்டத்தில் அவை தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சொல்தா தாத்தா அழுதுகொண்டிருந்தார். வாத்தியார் வீட்டம்மா வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், சண்டையெல்லாம் எங்கே போனதோ. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. என் ஆயுசில் அதற்கு முன்பும் சரி பின்பும் சரி, அவ்வளவு சந்தோஷத்தை வாயை மூடிக்கொண்டு தாங்கியதில்லை.

உன் அண்ணன் குதிரைகளைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார், நீண்ட நேரம். அதற்குப் பிறகு என்னையும் ஒரு தரம் பார்த்தார். உன் காதருகே குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது.

"நீ வர வேணாம். இங்கயே இரு."

அவர் மட்டும் விமானம் ஏறினார். நாம் வருஷா வருஷம் எட்டு எட்டுப் பேராக நெடுந்தீவுக்குப் போனோம். பிறகு அங்கே கலவரம் வந்தது, கப்பல் நின்றது, அந்தக் கரை நமக்கு மூடிப்போயிற்று. நீ ஒரு வாரம் அழுதாய். அப்புறம் மெட்ராசுக்குப் போய் அந்தமான் கப்பலுக்கு விசாரித்துக்கொண்டு வந்தாய். அங்கே கடல்கழுகைக் காட்டினாய், முதலைக் கழியைக் காட்டினாய், அங்கேயும் எட்டுப் பேர்தான்.

நீ போனபோது உன் அண்ணன் வந்து சேர ஒரு நாள் தாமதமாகிவிட்டது. மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ரொம்பத் தளர்ந்துவிட்டார். மண்ணைப் பார்த்துக்கொண்டே, "அங்க வந்திருந்தா கடைசியில என் பக்கத்துல இருந்திருப்பா," என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குண்டான் தண்ணீருக்கு இத்தனை வருஷம் கழித்துக் கேள்வி கேட்கிறாரோ என்று நினைத்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"இருந்திருந்தா நீ எப்படிம்மா வந்து பாப்ப? பாரீசுக்கு பஸ்ஸா போவுது?"

அவர் அன்றைக்கு வேலிக்குப் பின்னால் என்னை ஏன் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குதிரைக்காக மட்டுமில்லை, எனக்காகவும்தான் உன்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ரெட்டியார்பாளையத்து என் வீட்டிலிருந்து உன் கல்லறைக்கு வர ஒரே பஸ். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். போன வாரச் சண்டை இன்னும் முடியவில்லை.